மாம்பலத்து ஜலயாத்திரை

சென்னைப் பட்டணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தவறாமல் தரிசிக்கும் ஸ்தலங்கள் மூன்று. முதலாவது கடற்கரை. இரண்டாவது கபாலீசுவரர் கோயில். மூன்றாவது தியாகராய நகர். முதல் இரண்டு இடங்களில் பணம் அதிகம் செலவாவதில்லை. மூன்றாவது இடத்தில் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. ஜவுளிக் கடையும் நகைக் கடையும் பாத்திரக் கடையுமாக உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் ஏறி இறங்கி, கை நிறையப் பைகளோடு மாம்பலம் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் குடும்பங்களை எந்த நாளிலும் காணலாம். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "இங்கே ஒரு கால்வாய் ஓடுகிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்டால், நம்மைச் சற்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். தியாகராய நகரிலேயே முப்பது வருஷம் குடியிருப்பவர்களில் பலரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கால்வாய் இருக்கிறது. மாம்பலம் கால்வாய் என்று பெயர். வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டு, திருமலைப் பிள்ளை சாலை, ஜி. என். செட்டி சாலை, தியாகராய சாலை, வெங்கட்நாராயணா சாலை ஆகிய பெரிய வீதிகளின் அடியிலும் வீடுகளின் கொல்லைப்புறத்திலுமாக ஒளிந்து ஒளிந்து சென்று, நந்தனத்தைத் தாண்டி அடையாற்றில் கலக்கிறது. கங்கையின் மூலத்தைத் தேடி இமயமலைக்கு யாத்திரை போகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போகச் சக்தியில்லாத நானும் என் நண்பரும் இந்தக் கால்வாயின் மூலத்திலிருந்து முகத்துவாரம் வரையில் ஒரு நாள் கால்நடையாகப் போய் வருவதென்று தீர்மானித்தோம். நண்பர் இஞ்சினீயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எந்த விஷயத்தைப் பற்றியும் அவருக்குத் திடமான அபிப்பிராயம் கிடையாது.

புரட்டாசி மாதத்து வெயில் ஏறுவதற்கு முன்பே வள்ளுவர் கோட்டத்தின் எதிரில் போய் நின்றோம். 1976-ம் வருஷம் திறக்கப்பட்ட அந்தக் கல் தேரை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்த என்னை நண்பர் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"மேலே பார்க்காதீர், கீழே பாரும். நாம் இப்போது ஏரியின் நடுவில் நின்று கொண்டிருக்கிறோம்" என்றார்.

அது வாஸ்தவந்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் மவுண்ட் ரோடுக்கு மேற்கே ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் படங்களில் அதற்கு 'லாங் டாங்க்' என்று பெயர் போட்டிருந்தார்கள். மழை காலத்தில் சுற்று வட்டாரத்து ஜலமெல்லாம் அதில் வந்து தங்கும். மதகு வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது அடையாற்றுக்குப் போகும். ஊர் பெருத்தது; மனை தேவைப்பட்டது. 1920-ம் வருஷத்தில் நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. அதைத் தொடர்ந்து அந்தப் பத்து வருஷங்களுக்குள்ளாகவே ஏரிக் கரையை உடைத்து, தண்ணீரை வடித்து, மாம்பலத்தில் புதிய நகரத்துக்கு மனை பிரித்தார்கள். ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர் ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் நகரத்துக்கு வந்தது. பனகால் ராஜாவின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கும், ஸர் முகம்மது உஸ்மானின் பெயர் பெரிய சாலைக்கும் வந்தன. ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர்களை ஒரே இடத்தில் சந்திக்க வேண்டுமானால் இன்றைக்கும் இந்த நகரத்தின் பெயர்ப் பலகைகளைப் படித்துக் கொண்டு போனால் போதும். ஏரியின் பெயரை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை. பிற்பாடு ஏரியின் வடபாகமும் தூர்க்கப்பட்டு நுங்கம்பாக்கத்தில் வீட்டு மனைகளானபோது, அந்தப் பகுதிக்கு 'லேக் ஏரியா' என்ற பெயர் ஒட்டிக் கொண்டது. இறந்து போன பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கந்தானே!

ஏரியை எடுத்துவிடலாம், பள்ளத்தை எடுக்க முடியுமா? மழை ஜலத்துக்கு அரசாங்க உத்தரவு தெரியாது. அது பழைய ஞாபகத்தில் பழைய இடத்துக்கே வந்து சேருகிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கில் 1918-ம் வருஷம் நவம்பர் ஒரே மாதத்தில் சுமார் 109 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதற்கு அடுத்தபடி 2015-ம் வருஷம் நவம்பரில் சுமார் 105 சென்டிமீட்டர் பெய்தது. இரண்டுக்கும் சுமார் நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் 1918-ல் அந்த ஜலம் வந்து படுத்துக்கொள்ள ஓர் ஏரி இருந்தது. 2015-ல் அது படுக்க வந்த இடத்தில் நாம் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம்.

லண்டன் நகரத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 60 சென்டிமீட்டர். அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டுத் தூறலாகப் பெய்கிறது. சென்னையில் சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை அடை மழையாகச் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை முன்னிட்டுத்தான் நம் ஊர் இஞ்சினீயர்கள் லண்டன் வழியைப் பின்பற்றவில்லை. 1858-ம் வருஷத்து மகா துர்நாற்றத்துக்குப் பிறகு லண்டனில் ஜோஸப் பாஸல்ஜெட் என்பவர் பிரம்மாண்டமான சாக்கடைகளைக் கட்டினார். மழை ஜலமும் கழிவு ஜலமும் ஒரே குழாயில் போகும் ஏற்பாடு அது. மழை அதிகமானால் இரண்டும் கலந்து தேம்ஸ் நதியில் விழும். அதைத் தடுப்பதற்காக அந்த நகரத்தார் 2025-ல் இருபத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் ஒன்றைக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. சென்னையில் இரண்டு ஜலத்துக்கும் இரண்டு பாதை. மழை ஜலத்துக்குத் தெருவோரத்து வடிகால்; அது நகரசபையின் பொறுப்பு. கழிவு ஜலத்துக்குப் பாதாளச் சாக்கடை. அது 1978-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. முன்னது பள்ளம் பார்த்து ஓடி ஆற்றுக்குப் போக வேண்டும். பின்னது பம்பு நிலையங்களில் ஏறி இறங்கி, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. காகிதத்தில் இந்த ஏற்பாடு அப்பழுக்கில்லாதது.

காகிதத்தை விட்டுக் கால்வாய்க்கு வருவோம். திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இரண்டு மதில்களுக்கு நடுவே கால்வாய் முதன் முதலாக முகத்தைக் காட்டிற்று. அதற்கு முன்பே மூக்குக்கு அதன் விலாசம் தெரிந்து விட்டது. மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது. மழை ஜலத்துக்கென்றே ஏற்பட்ட கால்வாய் அன்றைக்குச் சுத்தமாக வறண்டு கிடந்திருக்க வேண்டும். ஆனால் கறுப்பாக, கொழகொழவென்று, அவசரமில்லாமல் ஒரு திரவம் போய்க் கொண்டிருந்தது.

"இந்த மழை எந்த ஊரில் பெய்தது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வீட்டு ஸ்நான அறையிலும் இன்று காலை பெய்த மழை இது" என்றார் நண்பர்.

அங்கிருந்து ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்தோம். தெருவின் இரு புறமும் நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டிடங்கள். நடுவில் ஒரே ஒரு பழைய வீடு, ஓடு வேய்ந்த முன் தாழ்வாரத்தோடு, வயதான பல்வரிசையில் மிஞ்சிய ஒற்றைப் பல்லைப் போல் நின்று கொண்டிருந்தது. வாசலிலிருந்து வீட்டுக்கு இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். பட்டணத்தில் எல்லாரும் படி ஏறித்தானே வீட்டுக்குள் போவார்கள் என்று நான் யோசிப்பதைக் கண்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார்.

"நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம், தம்பி. வீடு இறங்கவில்லை. ரோடு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள்" என்றார்.

அந்த வீட்டு மனை நாலு கிரவுண்டு. கொல்லையில் ஒரு கிணறு, இரண்டு மாமரம், தென்னை மரங்கள். அடுத்த மனையும் அதே அளவுதான். அங்கேயும் முன்பு இப்படியொரு வீடு இருந்ததாம். இப்போது பதினாறு குடித்தனங்கள் உள்ள அடுக்கு மாடிக் கட்டிடம் இருக்கிறது. நண்பர் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவரிடம் பென்ஸில் வாங்கி, பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். கணக்கென்றால் பக்கத்தைத் திருப்பிவிடும் வாசகர்கள் இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு கிரவுண்டு என்பது 9,600 சதுர அடி. அதன் மேல் ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற ஜலம் சுமார் 89,000 லிட்டர். கோடை காலத்தில் நாம் தவம் கிடந்து வரவழைக்கும் தண்ணீர் லாரி 9,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பத்து லாரி! பெரியவர் வீட்டில் மனையில் கால் பங்குதான் கட்டிடம். பாக்கி முக்கால் பங்கில் விழுகிற மழையில் பெரும் பகுதியை மண்ணும் மரமும் கிணறும் குடித்துக் கொள்கின்றன. அடுத்த மனையில் கட்டிடம் போக மிச்சமிருந்த இடத்தில் மோட்டார் நிறுத்துவதற்காகச் சிமென்டு போட்டிருக்கிறார்கள். பத்து லாரி ஜலமும் அப்படியே தெருவுக்கு வருகிறது.

இது மழைக் கணக்கு. கழிவுக் கணக்கு வேறு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் ஜலம் என்பது சர்க்கார் இஞ்சினீயர்களின் அளவு. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்கு. பெரியவர் வீட்டில் ஆறு பேர் இருந்தால் சுமார் 650 லிட்டர். அடுத்த கட்டிடத்தில் அறுபத்து நாலு பேர் என்றால் சுமார் 6,900 லிட்டர். பத்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 2019-ம் வருஷத்துக் கட்டிட விதிகள் ஒரு மனையின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு தளம் கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்கு கட்டலாம் என்று மாற்றின. வீடுகள் உயருகிற வேகத்தில் பூமிக்கடியிலுள்ள குழாய்கள் பெருப்பதில்லை. குழந்தைக்கு வருஷா வருஷம் புதுச் சட்டை தைக்கிறோம். நகரத்துக்கு அப்படித் தைக்க முடிகிறதா?

தைக்க நினைத்தவர்களுக்கும் அளவு தப்பிப் போயிருக்கிறது. சென்னைக்குப் பாதாளச் சாக்கடை திட்டமிட்டது 1910-ம் வருஷத்தில். ஐம்பது வருஷம் முன்னால் யோசித்து, 1961-ல் பட்டணத்தின் ஜனத்தொகை சுமார் 6.6 லட்சம் இருக்கும் என்று கணித்து, அதற்குப் போதுமான குழாய்களைப் போடத் தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தில் அது தீர்க்கதரிசனமான யோசனைதான். ஆனால் 1941-லேயே ஜனத்தொகை 7.77 லட்சம் ஆகிவிட்டது. 1961-ல் எண்ணிப் பார்த்தபோது 17 லட்சத்துக்கு மேல்!

இப்போது நண்பரின் கணக்கிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். ஒரே மனையில் ஒரு நாள் மழை ஜலம், அறுபத்து நாலு பேருடைய ஒரு நாள் கழிவைப் போல் சுமார் பதின்மூன்று மடங்கு. மழையோ இருபத்து நாலு மணி நேரமும் சீராகப் பெய்வதில்லை; சில மணி நேரத்திலேயே கொட்டிவிடுகிறது. ஆகவே கழிவுக் குழாயில் மழை ஜலத்தை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. ஆனால் அடை மழையில் தெருவில் முழங்கால் அளவு ஜலம் நிற்கும்போது நம்மவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? கடப்பாரையைக் கொண்டு வந்து நடுத் தெருவிலுள்ள மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுகிறார்கள். ஜலம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. பால்கனிகளில் நின்று பார்ப்பவர்களுக்கெல்லாம் ஆனந்தம். கால் மணி நேரம் கழித்து அதே தெருவின் கீழ்க்கோடியில் ஒரு தரைத் தளத்து வீட்டில், கழிப்பறைப் பீங்கானிலிருந்து குபுகுபுவென்று கறுப்பு ஜலம் பொங்கி வருகிறது. அந்த வீட்டு அம்மாள் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கிறாள். மூடியைத் திறந்தவருக்கும் அவளுக்கும் அறிமுகம் கிடையாது.

திண்ணைப் பெரியவருக்கு அந்த அநுபவம் இருந்தது. "2015-ல் ஆற்று ஜலம் வந்த இடங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஆற்று ஜலம் அல்ல, எங்களுடையதும் அடுத்த வீட்டாருடையதுந்தான்" என்றார். பிறகு, சற்று நேரம் மாமரத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். இந்த மனைக்கும் விலை பேசியாகிவிட்டது. அடுத்த தை மாதம் இடிக்கப் போகிறார்கள்" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டோம். அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். பன்னிரண்டு அடி ஆழத்தில் ஜலம் வானத்தைக் காட்டிக் கொண்டிருந்தது.

இந்தக் கிணறுகளின் அருமை ஜனங்களுக்குத் தெரியாமலில்லை. 2003-ம் வருஷத்தில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, மாடியிலிருந்து குழாய் இறக்கிக் கிணற்றில் விட்ட குடும்பங்கள் அநேகம். அவர்கள் நல்ல பலனும் கண்டார்கள். ஆனால் வேறு பலர் குழாயை இறக்கியதோடு சரி. அதன் கீழ்முனை எங்கே போகிறது என்று பிறகு பார்க்கவேயில்லை. சருகும் மண்ணும் அடைத்துக்கொண்ட சேகரிப்புக் குழிக்கும் பூந்தொட்டிக்கும் வித்தியாசம் சொற்பம். ஏரிப் படுகையில் மேல்மண் களியாயிருக்கிற இடத்தில் ஓரடிக் குழி பிரயோஜனப்படாது; உறை இறக்கிய கிணறாக மணல் தட்டும் வரையில் ஆழமாகத் தோண்ட வேண்டும் என்று நண்பர் சொன்னார். 2019-ம் வருஷத்துக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, பட்டணமே குடத்தோடு தெருவில் நின்றது. 2021-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ந் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் மழை பெய்து, அதே பட்டணம் ஜலத்தில் மிதந்தது. நடுவில் இரண்டரை வருஷந்தான்.

அந்த 2021-ம் வருஷத்து வெள்ளத்தில் தியாகராய நகர் அடைந்த துன்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நகரத்தை நவீனமாக்கும் திட்டத்தில் கோடிக் கணக்கான ரூபாய் செலவிட்டு, பாண்டி பஜாரில் அழகான நடைபாதை போட்டு, 2019-ல் திறப்பு விழாவும் நடத்தியிருந்தார்கள். மாம்பலம் கால்வாயைச் சீர்திருத்தும் வேலையும் நடந்து கொண்டிருந்தது. அந்த வேலைக்காகக் கொட்டிய மண்ணும் இடிபாடுமே கால்வாயை அடைத்துக் கொண்டன. வைத்தியர் கட்டிய கட்டே ரத்த ஓட்டத்தை நிறுத்தியது போலாயிற்று. நாட்கணக்கில் ஜலம் வடியவில்லை. பிற்பாடு இடிபாடுகளை வாரி எடுத்து, திருப்புகழ் என்னும் ஓய்வு பெற்ற ஐ. ஏ. எஸ். அதிகாரியின் தலைமையில் நிபுணர் குழு ஒன்றை நியமித்து, பல வீதிகளில் புதிய வடிகால் கட்டினார்கள். கட்டியதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய வடிகாலானாலும் அதன் கடைசி வாயில் அடையாறுதான். சென்னை தட்டையான ஊர்; பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே இருக்கின்றன. ஆறு பெருகி நிற்கும்போது கால்வாய் ஜலம் உள்ளே போக மாட்டாது. வந்த வழியே திரும்பிப் பார்க்கும். ஆகையால் தெருவுக்கு வராமலே மனையில் தங்கிவிடுகிற ஜலந்தான் நம்பத்தக்க ஜலம்.

வெங்கட்நாராயணா சாலையைத் தாண்டியபோது உச்சி வேளையாகிவிட்டது. கால்வாயின் ஒரு கிளை வடிகாலில் நாலு பேர் தூர் வாரிக் கொண்டிருந்தார்கள். கான்கிரீட் மூடியை எடுத்து ஓரத்தில் சாய்த்திருந்தார்கள். ஒருவர் இடுப்பளவுக்கு உள்ளே நின்று, கறுத்த சேற்றைப் பாண்டில் அள்ளி மேலே கொடுத்தார். மேலே நின்றவர் அதை நடைபாதையோரத்தில் கொட்டினார். கையில் உறை இருந்தது. காலில் ஒன்றும் இல்லை. நண்பர் குனிந்து, "உள்ளே கண்ணாடித் துண்டு கிடக்குமே, அப்பா! காலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

"பூட்ஸ் கொடுத்தாங்க சார். சேத்துல மாட்டிக்கிட்டு வராது, கழட்டி வச்சிட்டேன்" என்றார் அவர். பிறகு நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, "மழைத் தண்ணி போற கால்வாதான், சாக்கடை இல்லேன்னு சொல்லித்தான் இறங்கச் சொல்றாங்க. உள்ளே இருக்கிறது மழைத் தண்ணியா, நீங்களே பாருங்க சார்" என்றார்.

பார்த்தோம். வடிகாலின் சுவரில் வரிசையாக நாலைந்து பிளாஸ்டிக் குழாய்கள் ஓட்டை போட்டுச் செருகியிருந்தன. ஒன்றிலிருந்து சோப்பு நுரை வந்து கொண்டிருந்தது. மற்றொன்றிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகை போகிற வீடுகளில் சாப்பாட்டு வேளையிலும் படிப்பார்களாகையால் நான் எழுதவில்லை. பாதாளச் சாக்கடை அடைத்துக் கொள்ளும்போது, கட்டிடத்துக்காரர்கள் இரவோடிரவாக ஆள் வைத்து மழை வடிகாலில் குழாயைத் திருப்பிவிடுகிறார்கள். வாசனை தங்கள் வாசலை விட்டுப் போனால் சரி.

மனிதன் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம். போதாதென்று 2013-ல் இன்னும் கடுமையாக ஒன்று. சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் தீர்ப்புச் செய்தது. 2023-ல் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததென்றால், இறங்குவது நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? மூடிய குழியில் ஜலம் அழுகி உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு, கொஞ்சமாயிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றம் அறியும் சக்தியையே முதலில் பறித்துவிடும். அபாயம் நீங்கிவிட்டதென்று நினைக்கிற கணத்தில் ஆள் விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். இப்போது பெருங்குழாய்களுக்கு ஜல வேகத்தால் அடைப்பெடுக்கும் லாரிகளும், சேற்றை உறிஞ்சும் லாரிகளும் வந்திருக்கின்றன. சந்து பொந்துகளுக்குள் லாரி நுழையாது. அடைப்பு எதனால் என்று பார்த்தால், ஐப்பசி மழையில் மூடியைத் திறந்து நாம் உள்ளே அனுப்பிய தெரு மணலும் பிளாஸ்டிக் பையும் கட்டிட இடிபாடுந்தான், தை மாசி மாதங்களில் குழாயின் வளைவில் கல்லைப் போல் உட்கார்ந்திருக்கின்றன.

1901-ம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸில் பிரதிநிதிகளின் கழிப்பிடம் இருந்த கோரத்தைக் கண்டு, காந்தி மகான் தாமே துடைப்பம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்ததை நம் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். 1946-ம் வருஷம் ஜனவரியில் இதே தியாகராய நகரில், ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்கு வந்து அவர் தங்கியிருந்தார். அந்தக் கட்டிடத்துக்கும் நாங்கள் அன்று சேற்றுப் பாண்டைப் பார்த்த இடத்துக்கும் அதிக தூரமில்லை.

பிற்பகலில் நாங்கள் ரயில் பாதையின் பக்கமாகச் சற்று விலகிப் போய் வந்தோம். அதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. துரைசாமி சுரங்கப் பாதை மழைக்கு நிரம்புவதும், மேற்கு மாம்பலத்துக் கொசுவும் பழைய கதைகள். ஹாஸ்யப் பத்திரிகைக்காரர்களுக்கு மாம்பலத்துக் கொசு பல தலைமுறைகளாகச் சோறு போட்டிருக்கிறது. யானைக்கால் வியாதியைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அழுக்கு ஜலத்தில் முட்டையிடுகிறது என்பதையும், வறண்டிருக்க வேண்டிய வடிகாலில் வருஷம் முழுவதும் அழுக்கு ஜலத்தை ஓடவிட்டு அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருப்பது நாம்தான் என்பதையும் மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

நந்தனத்துக்கு அப்பால் கால்வாய் அகலமாகிறது. மதில்கள் விலகுகின்றன, கரையில் எருக்கும் ஆமணக்கும் முளைத்திருந்தன. ஒரு வெள்ளைக் கொக்கு, கறுப்பு ஜலத்தில் ஒற்றைக் காலை மட்டும் நனைத்துக்கொண்டு யோசித்து நின்றது. சாயங்கால வெளிச்சத்தில் அடையாறு தெரிந்தது. கால்வாய் ஜலமும் ஆற்று ஜலமும் சேருகிற இடத்தில் இரண்டுக்கும் நிறத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தோம். நண்பர் இருக்கிறது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேற்கே சற்றுத் தூரத்தில் சைதாப்பேட்டைப் பாலம். இன்றைக்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர். முன்பு அந்த இடத்திலிருந்த பழைய பாலத்தை வெள்ளைக்காரர்கள் 'மார்மலாங்' பாலம் என்றார்கள். மாம்பலம் என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அந்தப் பாடு பட்டது. அதை 1726-ம் வருஷம் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வர்த்தகர். கட்டியதோடு நிற்காமல், பாலத்தைப் பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு தொகையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். பாலம் திறந்த நாளில் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். அந்தத் தொகைக்காக யாராவது போட்டிருப்பார்களா என்று தெரியாது.

இந்த யாத்திரையைச் செய்ய விரும்பும் வாசகர்களுக்கு இரண்டொரு குறிப்புகள்: புரட்டாசி முதல் பாதியில் போவது உத்தமம். மழை பிடித்த பிறகு கால்வாய் எது, தெரு எது என்று கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகளை அழைத்துப் போகலாம்; அவர்கள் நம்மைவிட நல்ல கேள்விகள் கேட்பார்கள். கெட்டியான செருப்பும் நனைத்த கைக்குட்டையும் அவசியம். புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும், ஸ்நான அறை ஜலம் எந்தக் குழாயில் சேருகிறது என்றும் ஒரு தடவை கீழே இறங்கிப் பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பி வருவதற்குச் சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் தாராளமாய்க் கிடைக்கின்றன.